பிரமு போடாத ஒப்பம்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெள்ளூரணி நலநிலையத்து ஏற்றிப்பொறியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ‘நம்பத்தக்கது’ என்று ஒரே ஒரு சொல். அந்தப் பொறிக்குப் பொறுப்பான செண்பகவல்லி அதன்மேல் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஊரிலுள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு கணையப்பொறிகளுக்கும் புதிய மென்பொருள் போயிருக்கும். அவளும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பார்த்திருப்பாள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று அவளுடைய மகள் பவளக்கொடியின் வயிற்றில் இருந்தது.

கணையப்பொறி என்பது கட்டைவிரல் பருமன். விலாவுக்குக் கீழே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். உள்ளே வளர்ப்புச் செல்கள் இன்சுலினைச் சுரக்கும். எப்போது எவ்வளவு என்பதை மென்பொருள் சொல்லும். ஊசி மருந்தெல்லாம் பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே கடையை விட்டுப் போய்விட்டது. பொறி நின்றுபோனால் பெரியவர்கள் இரண்டு நாள் கீரையும் மோருமாகச் சமாளித்துக்கொள்வார்கள். பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒன்பது வயதுப் பிள்ளை, பிறந்ததிலிருந்தே சொந்தக் கணையம் வேலை செய்யவில்லை. ஒரு பொழுது தாங்குவாள், அதற்கு மேல் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார்.

பொறிகள் நிற்கப் போகிற நேரமும் தெரிந்துதான் இருந்தது. அன்று மாலை ஆறு மணி.

நடந்தது இதுதான். கணையப்பொறியின் மென்பொருளை எழுதிப் பராமரித்து வருகிறவர் திருகோணமலையிலிருக்கும் மங்கையர்க்கரசி. அவர் எழுதுகிற ஒவ்வொரு பதிப்புக்கும் தம்மிடம் மட்டுமே இருக்கும் மறைசாவியால் ஒப்பமிட்டு அனுப்புவார். எல்லாரும் பார்க்கக்கூடிய அவருடைய பொதுச்சாவியை வைத்து, ஒப்பம் அவருடையதுதானா, வழியில் யாராவது கைவைத்தார்களா என்று பொறிகள் பார்த்துக்கொள்ளும். அந்த மறைசாவியைத் திங்கட்கிழமை எவனோ திருடிவிட்டான். செவ்வாய் விடியற்காலை ஆறு மணிக்குத் திருட்டுப் போனது தெரிந்ததும் அவர் அந்தச் சாவியைச் செல்லாததாக அறிவித்தார். செல்லாத சாவியின் ஒப்பத்தில் ஓடுகிற மென்பொருள் முப்பத்தாறு மணி நேரத்தில் நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். மக்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான், இன்றைக்கு அது மக்களின் கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

இப்படி ஒரு நாள் வரும் என்று மங்கையர்க்கரசி எப்போதோ ஒரு மாற்றுச்சாவி செய்து பூட்டி வைத்திருந்தார். இனி அதில்தான் ஒப்பமிடுவேன் என்று புதிய பதிப்பை அனுப்பினார். திருடன் சும்மா இருப்பானா? அவனும் அதே பெயரில் ஒரு சாவியைக் காட்டி, இதுதான் மாற்றுச்சாவி என்று தன் மென்பொருளை அனுப்பினான். இரண்டு சாவியும் சாவிக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாவிக்கூடம் ஊர்ப்பொதுச் சுவர் மாதிரி. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் ஒட்டலாம், ஒட்டியதை யாரும் கிழிக்க முடியாது. பேசிக் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. யாருடைய குரலையும் முகத்தையும் அரை நிமிஷத்தில் அச்சாகச் செய்துவிடுகிற காலம் அது. தொலைபேசியில் பெற்ற தாய் அழுதாலும் ஜனங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அழுதார்கள்.

அதனால்தான் நேரில் ஒப்பமிடுகிற வழக்கம் வந்தது. ஒவ்வொரு பொதுச்சாவிக்கும் ஒரு தடஎண் உண்டு, நாலு நாலு குறியாகப் பத்துத் தொகுதி. ஒருவர் வாசிக்க, மற்றவர் தம் கைப்பொறியில் சாவிக்கூடம் காட்டுவதோடு ஒத்துப் பார்த்து, அடையாள அட்டையையும் ஆளையும் பார்த்து, ‘இந்தச் சாவி இவருடையதுதான்’ என்று ஒப்பமிட வேண்டும். முன்பின் தெரியாதவரின் சாவியை, தெரிந்தவர் எத்தனை பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள் என்பதை வைத்துப் பொறி எடைபோடும். இத்தனை பேர் நேரில் கூடுகிற இடம் தமிழ்நாட்டில் வேறு எது? கல்யாண வீடுதான். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து தடம் வாசிப்பது சடங்காகவே ஆகிவிட்டது.

சடங்கான பிறகு அதற்கு என்ன கதி வருமோ அது வந்தது. சம்பந்தி வீட்டு அம்மாளிடம் ‘உங்கள் அட்டையைக் காட்டுங்கள், முதலிலிருந்து வாசியுங்கள்’ என்று கேட்டால் அது மரியாதையா? இரண்டு தொகுதி வாசித்ததும், ‘போதும், போதும், உங்களத் தெரியாதா’ என்று சிரித்தபடி ஒப்பமிடுவதுதான் பெரிய மனுஷத்தனம் என்றாயிற்று. பந்தியில் உட்காரும்போது ஆளுக்கு ஐம்பது ஒப்பம் சேர்ந்திருக்கும்.

திரையில் பச்சை காட்டிய சாவிக்கு இருநூற்று நாற்பத்தாறு ஒப்பம். இன்னொன்றுக்கு வெறும் ஒன்பது. பொறி எதை நம்பும் என்று கேட்க வேண்டியதில்லை. செண்பகத்தின் விரலும் பச்சைக்கு மேலேதான் நின்றது. அவள் உடனே தட்டாததற்குக் காரணம் எச்சரிக்கை ஒன்றுமில்லை, கொஞ்சம் பொறாமை. இவ்வளவு பெரிய மனுஷியை நேரில் பார்த்து ஒப்பமிட்ட புண்ணியவான்கள் நம் பக்கத்தில் யார் யார் என்று பட்டியலைத் திறந்தாள். ஒன்றாவது பெயர் அவளுடைய ஒன்றுவிட்ட கொழுந்தன். பதினேழாவது அவளுடைய மாமியார். முப்பத்தெட்டாவது பெயர் செண்பகவல்லி நயினார்.

அவள் தன் பெயரை இரண்டு தடவை வாசித்தாள். திருகோணமலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

ஒப்பமிட்ட தேதியைப் பார்த்தாள். அந்தக் கொழுந்தனின் கல்யாணத்தன்று போட்டது. மாந்தளிர் நிறப் பட்டுப்புடவை, நெற்றியில் பெரிய குங்குமம், வாய் நிறையச் சிரிப்பு. ‘எம் பேரு மங்கையர்க்கரசி’ என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள் நினைவுக்கு வந்தாள். பெண் வீட்டுப் பெரியம்மா போலும் என்று நினைத்துச் செண்பகம் ஒப்பமிட்டிருந்தாள். உடனே பெண் வீட்டாருக்குப் பேசினாள். அவர்களுக்கும் அந்த அம்மாளை நன்றாக நினைவிருந்தது, மாப்பிள்ளைக்கு அத்தைமுறை என்று நினைத்தார்களாம். செண்பகம் பட்டியலில் இன்னும் ஐந்து பேருக்குப் பேசினாள். ஐந்து பேரும் ஐந்து கல்யாணத்தைச் சொன்னார்கள், ஐந்திலும் அதே புடவை. திருடன் மறைசாவியைத் திருடுவதற்கு ஒரு வருஷம் முன்பே ஆளனுப்பி, இந்தப் பெயரில் கல்யாணம் கல்யாணமாக ஒப்பம் பொறுக்கியிருக்கிறான். வந்த விருந்தாளியை யாரென்று கேட்பது அழகில்லை என்று நினைக்கிற ஜனங்களை அவன் நன்றாகப் படித்து வைத்திருந்தான்.

செண்பகம் பட்டியலை மூடினாள். ஏற்றிப்பொறியை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் ‘ஏற்றாதீர்கள்’ என்று செய்தி அனுப்பினாள். பிறகு அந்த ஒன்பது ஒப்பம் பெற்ற சாவியைத் திறந்தாள். எட்டுப் பெயர் கேள்விப்படாதவை. ஒன்பதாவது பெயர் பிரமு.

பிரமு செண்பகத்தின் கணவன் நயினாருக்கு நேர்மூத்த அக்காள். செண்பகத்தை விட நாலு வயது கூட. தராசுக்கும் படிக்கும் முத்திரை போடுகிற ஆய்வாளர் உத்தியோகம். அவள் தெருவில் நடந்தால் காய்கறிக்கடைக்காரர்கள் தாமாகவே தராசைத் துடைப்பார்கள். செண்பகத்தின் கல்யாணத்தில் தடம் வாசிப்புக்குப் பிரமு வந்து எதிரே உட்கார்ந்தாள். செண்பகம் ஒன்பது தொகுதியை வாசித்தாள். முகூர்த்த நேரம் நெருங்கி மேளக்காரர்கள் அவசரப்படுத்த, மிச்சம் ஒரு தொகுதியும் அட்டையில் இருப்பதுதான் மதினி என்று எழுந்துவிட்டாள். பிரமு ஒப்பம் போடவில்லை. மாமியார் கெஞ்சினாள், செண்பகத்தின் அப்பா மாலையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். பிரமு, பார்க்காததைப் பார்த்தேன் என்று போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அட்டையை மறந்துவிட்டு வந்த மாப்பிள்ளைக்கும், கூடப் பிறந்தவன் என்றும் பாராமல், போடவில்லை. பதினோரு வருஷமாகிறது. விசேஷ வீடுகளில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் அவர்களுக்குள் போக்குவரத்து.

பிரமு விடுப்பில் வீட்டில் இருப்பதாக மாமியார் சொன்னாள். செண்பகம் பதினொன்றரைக்கு அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே வந்திருந்தாள். பிரமு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள், கேட்டு முடித்துப் பெட்டியை அணைத்தாள். பழைய கணக்கு எதையும் எடுக்கவில்லை. அந்த ஒன்றுக்கே செண்பகத்துக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

“அந்தம்மாவ நீங்க நெசமாவே பாத்திருக்கீங்களா மதினி?”

“எனக்கும் பொறி வச்சிருக்குல்லா. ஆறு வருசத்துக்கு முந்தி பொறிக்காரங்க கூட்டம்னு மதுரைக்குப் போனேன். அந்தம்மா வந்திருந்தாங்க. எல்லாரும் சாப்பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து அவங்க சாவி, மாத்துச்சாவி ரெண்டுக்குமா எம்பது குறியையும் வாசிச்சோம். கடவுச்சீட்டப் பாத்தேன். போய்ப் பாத்தா ரசம்கூட மிச்சமில்ல.”

ஏற்றிப்பொறி செண்பகத்தின் சாவிக்குக் கட்டுப்பட்டது. செண்பகம் பிரமுவின் சாவியை ஒப்பமிட்டு நம்பினால், பிரமு ஒப்பமிட்ட மங்கையர்க்கரசியைப் பொறியும் நம்பும். இடையில் இல்லாமல் போனது அந்த ஒரு கண்ணிதான். செண்பகம் அவசரமாகக் கைப்பொறியை எடுத்தாள். பிரமு அடையாள அட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். மதினி, உங்களுக்கு எதற்கு அட்டை என்று செண்பகம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

பிரமு வாசிக்க ஆரம்பித்தாள். செண்பகம் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பவளம் பள்ளிக்கூடத்தில் இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள், பொறி அவளுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், இன்னும் ஆறு மணி நேரம் போடும் என்று அவள் மனசு ஓடியது. ஏழாவது தொகுதி முடிந்ததும் பிரமு நிறுத்தினாள்.

“இப்ப நான் வாசிச்சது தப்பு. மூணுன்னு இருக்கத எட்டுன்னு வாசிச்சேன். நீ தலையாட்டிட்ட.”

செண்பகத்துக்கு முகம் செத்துப்போயிற்று. பிள்ளையின் உயிர் கையில் இருக்கும்போதும் தனக்கு இதுதானா வருகிறது என்று அழுகை முட்டியது. மதினி, நேரமில்லை, நீங்கள்தான் என்று எனக்குத் தெரியாதா, என்றாள்.

“தெரியும். நான் பிரமுன்னு ஊருக்கே தெரியும். இந்தச் சாவி பிரமுவோடதான்னு ஒனக்குத் தெரியுமா? என்னய நம்பி வந்திருக்கன்னா திரும்பிப் போயிரு செண்பகம். நம்பாம ஒக்காந்து பாரு. பவளம் எனக்கும் மருமகதான்.”

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதைக் கேட்ட பிறகு செண்பகம் வேறு ஆளாக உட்கார்ந்தாள். முதல் தொகுதியிலிருந்து வாசிக்கச் சொன்னாள். ஒவ்வொரு குறியிலும் விரலை வைத்துப் பார்த்தாள். நான்காவதில் சந்தேகம் வந்து திரும்ப வாசிக்கச் சொன்னாள். அட்டையிலிருந்த முகத்தையும் எதிரிலிருந்த முகத்தையும் பார்த்தாள்; பதினோரு வருஷத்தில் இந்த முகத்தை இவ்வளவு நேரம் தான் பார்த்ததேயில்லை என்று பட்டது. ஒப்பமிட்டாள். பிறகு, கேட்காமலேயே, தன்னுடைய தடஎண்ணையும் பத்துத் தொகுதியும் வாசித்தாள். பிரமு அதற்கு ஒப்பமிட்டாள்.

நிலையத்துக்குத் திரும்பி, முதல் வேலையாகத் தான் கல்யாண வீட்டில் போட்ட பொய் ஒப்பத்தைத் திரும்பப் பெற்றாள். சாவிக்கூடத்தில் எதுவும் அழியாது என்பதால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘பாராமல் இட்டது’ என்று நிரந்தரமாக நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது. ஒன்பது ஒப்பச் சாவிக்குப் பச்சை விளக்கு வந்தபோதும் மகிழப் பயந்து, அதன் தடஎண்ணைப் பிரமு மதுரையில் எழுதி வைத்திருந்து கொடுத்த தாளோடு இன்னொரு தடவை ஒத்துப் பார்த்தாள். இரண்டு பத்துக்குத் தட்டினாள். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பவளத்தின் விலாவில் கைப்பொறியை வைத்துப் பார்த்தாள். புதிய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்களே அம்மா என்று பவளம் நெளிந்தாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது. வேறு இரண்டு ஊர்களில் இருநூற்று நாற்பத்தாறு ஒப்பத்தை நம்பி ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர்களுடைய பொறிகள் யாரோ சொல்கிறபடி ஆடத் தொடங்கி, அறுபது பேரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. நல்லவேளையாக எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை செண்பகம், நயினார், பவளம் மூவரும் பூவும் பழமுமாகப் பிரமு வீட்டுக்குப் போனார்கள். பவளம் போன வேகத்தில் அத்தையைக் கட்டிக்கொண்டாள். செண்பகம் பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், “மதினி, அன்னைக்கு நீங்க எனக்கு ஒப்பம் போடாம இருந்ததுக்கு ஒங்களுக்கு நான் கோயில்தான் கட்டணும்” என்றாள். பிரமுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழத்தை எடுத்து உள்ளே வைத்தாள், திரும்ப எடுத்து வந்தாள், எல்லாருக்கும் நறுக்கிக் கொடுத்தாள். அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நயினார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். செண்பகத்துக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இப்படி ஒருத்தியைக் குடும்பத்தில் கொடுத்ததற்குக் கடவுளுக்கு, கடவுள் இல்லையென்றால் மாமியாருக்கு, அவள் மனதார நன்றி சொன்னாள்.

ஊரும் நன்றி சொன்னது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் பிரமுவின் பேச்சுத்தான். நாலைந்து பேர் மாலையோடு போய் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மாலை வேண்டாம் என்கிறவளுக்கு வேறு என்னதான் செய்வது? யாரோ ஒருவர் வழி கண்டுபிடித்தார்: சாவிக்கூடத்தில் பிரமுவின் சாவிக்கு ஒப்பமிடுவது. ஊரே ஒப்பமிட்டது. அக்கம்பக்கத்து ஊர்களும் கேள்விப்பட்டு இட்டன. யாரும் கொண்டாடாமல் விட்ட பிரமுவுக்கு இப்போதாவது மரியாதை கிடைக்கட்டும் என்று வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள்கூட இட்டார்களாம்.

திங்கட்கிழமை காலை செண்பகம் ஏற்றிப்பொறியைத் திறந்தபோது, மாவட்டத்திலேயே மிகவும் நம்பத்தக்கவர் என்று பிரமுவின் பெயர் திரையின் உச்சியில் நின்றது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஒப்பம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்துக்கொண்டே, இப்போது வந்துவிட்ட பழக்கத்தில், தடஎண்ணின் மேல் விரலை வைத்தாள்.

முதல் தொகுதியே வேறாக இருந்தது.

கீழே தேடினாள். பிரமு என்று இன்னொரு சாவி இருந்தது, அதன் தடஎண் அவள் விரலுக்குப் பழக்கமானது. அதற்குப் பதினோரு ஒப்பம். அதில் ஒன்று செண்பகத்துடையது. நாலாயிரம் ஒப்பம் வாங்கியிருந்த சாவி வியாழக்கிழமை காலையில்தான் சாவிக்கூடத்துக்கு வந்திருந்தது. திருடன் ஊரின் நன்றி எந்தப் பக்கம் பாயும் என்று பார்த்து, அங்கே பாத்திரத்தை வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறான். பட்டியலில் மாமியார் இருந்தாள். அறுபதாவது பெயர் நயினார். கேட்டபோது, என் அக்காவுக்கு நான் எதை வாசித்துப் பார்க்க என்று அவன் திருப்பிக் கேட்டான்.

பிரமு வந்து பார்த்தாள். பட்டியலில் தம்பியின் பெயர் வரைக்கும் விரலை ஓட்டினாள். இன்னொரு நாள் இந்தச் சாவியால் யாராவது ஒப்பமிட்டு ஏதாவது அனுப்பினால் மாவட்டமே கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடும் என்று செண்பகம் சொன்னாள். பிரமு கோபப்படவில்லை. வரச் சொல்லு எல்லாரையும், ஒவ்வொருத்தராக உட்கார்ந்து வாசிப்போம், நான் விடுப்பை நீட்டிக்கொள்கிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை நிலையத்து வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. பிரமுவுக்காக என்றால் வராமல் இருப்பார்களா? இரண்டு மேஜை போட்டிருந்தார்கள். ஒன்றில் பிரமு, மற்றதில், பிரமுவின் தடஎண் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, வரிசையைப் பழக்கி அனுப்பச் செண்பகம். முதலில் வந்தவள் பூக்கடை ராசாத்தி. அவள் கணவனுக்கும் பொறி உண்டு. வந்ததும் செண்பகத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தாலியைக் காப்பாற்றிக் கொடுத்தாய் என்று கண் கலங்கினாள். தவறான சாவியில் ஒப்பமிட்டதைச் செண்பகம் விளக்கிச் சொன்னாள், அதைத் திரும்பப் பெற வேண்டும், சரியான சாவியை வாசித்துப் பார்த்துப் புதிதாக இட வேண்டும் என்றாள். ராசாத்தி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். கைப்பொறியை எடுத்து அப்படியே செண்பகத்திடம் நீட்டினாள்.

“நீ வாசிச்சுப் பாத்துட்டேல்லா? பெறகு நாங்க எதுக்கு வாசிக்கணும்? நீ எதத் தொட்டுக் காட்டுதியோ, அதுல போட்டுருதோம். எங்களுக்கு ஒன்னய நம்பிக்கைதான்.”

பின்னாலிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். நாலைந்து பேர் தங்கள் கைப்பொறிகளையும் முன்னால் கொடுத்து அனுப்பினார்கள். அத்தனை முகத்திலும் அன்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மணமேடைக்கு எதிரே ஒருத்தி இதே அன்புக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று செண்பகத்துக்கு அப்போது உறைத்தது. அவள் கைப்பொறிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றாள், வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஒக்காருங்க மதினி. நான் வாசிக்கேன். என்னய நம்பாதீங்க, திரையப் பாருங்க.”

ராசாத்தி உட்கார்ந்தாள். செண்பகம் முதல் தொகுதியைச் சரியாக வாசித்தாள், இரண்டாவதையும் சரியாக வாசித்தாள். மூன்றாவதில் ஐந்து என்றிருந்ததை வேண்டுமென்றே ஒன்பது என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றியோடு தலையாட்டினாள்.